நொய்யல்ங்கறது ஆறா ஊரா? கொங்குல தண்ணி பேரும் ஊர் பேரும்

ஈரோட்டுல இருந்து கரூர் போற பாசஞ்சர்ல ஏறுனா கொடுமுடி தாண்டி, புகளூர் வர்றதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஸ்டேஷன்ல வண்டி நிக்கும். மஞ்ச போர்டுல கருப்பு எழுத்துல நொய்யல்னு இருக்கும். எனக்கு பத்து வயசு இருக்கறப்ப ஒரு கல்யாணத்துக்கு கரூர் போனோம், அந்த போர்டப் பாத்துட்டு எங்கப்பாகிட்ட "ஏனுங்ப்பா, நொய்யலு நம்மூர்லதான இருக்குது, இங்க எப்படி வந்துச்சு?"ன்னு கேட்டேன். எங்களுக்கு பேரூர் பக்கம், நொய்யல்னா எங்களுக்கு ஆறு, ஆடிப்பெருக்குக்கு படித்துறைல எறங்கி நிக்கற ஆறு. அப்பா சொன்னாரு, "ஆறு நம்மூர்ல இருந்து நடந்து நடந்து இங்கதான் கண்ணு காவேரில வந்து சேருது, அதனால இந்த ஊருக்கும் அதே பேரு."

ரொம்ப வருஷம் அதத்தான் நம்பிட்டு இருந்தேன். ஆத்துப்பேரு ஊருக்கு வர்றது எல்லா எடத்துலயும் நடக்கறதுதான, அதுல சந்தேகப்பட என்ன இருக்கு. அப்புறமாத்தான் தெரிஞ்சுது, நொய்யல் விஷயத்துல கதை நேர்மாறு. ஆத்தோட பழைய பேரு காஞ்சி. வெள்ளியங்கிரி மலைல பொறந்து கோயமுத்தூர், சூலூர், திருப்பூர் வழியா 150 கிலோமீட்டருக்கு மேல ஓடி வர்ற இந்த ஆத்த பேரூர் தலபுராணம் காஞ்சிமாநதின்னுதான் சொல்லுது, அதுக்கும் முன்னால சுந்தரர் தேவாரத்துலயே ‘மீகொங்கில் அணி காஞ்சிவாய்ப் பேரூர்’னு வருது. காஞ்சிவாய்ன்னா காஞ்சி ஆத்தங்கரைல இருக்கற பேரூருன்னு அர்த்தம். அந்தக் காலத்துல ஊர அடையாளம் காட்டறதுக்கு ஆத்துப்பேருதான் ஒதவியிருக்கு. பின்னாடி எப்பவோ, கடைசில காவேரில சேர்ற எடத்துல இருக்கற நொய்யல்ங்கற ஊரோட பேரு ஆத்து மேல ஏறி, தண்ணி வர்ற வழியவே புடிச்சு எதிர்த்திசைல மலை வரைக்கும் போயிருச்சு. தண்ணி கெழக்க ஓடுது, பேரு மேக்க ஓடியிருக்கு.

இத தெரிஞ்சுக்கிட்ட நாள்ல இருந்து கொங்குநாட்டுல தண்ணி பேரும் ஊர் பேரும் ஒண்ணா இருக்கற எடத்தையெல்லாம் யாரு யாருக்கு பேரு குடுத்தாங்கன்னு பாக்கற பழக்கம் வந்துருச்சு. பாக்கப் பாக்க எனக்கு ஒண்ணு தோணுது: கரைல குடியிருக்கறவங்களுக்கு ஆத்துக்குன்னு தனியா பேரே தேவையில்ல. எங்க அம்மிச்சி, அதாவது அம்மாவோட அம்மா, சாகற வரைக்கும் நொய்யல்னு சொல்லி நான் கேட்டதில்ல, காஞ்சின்னும் சொன்னதில்ல. "ஆத்துக்குப் போயிட்டு வாரேன்", "ஆத்துல தண்ணி வந்துருச்சு", அவ்வளவுதான். ஊருக்கு ஒரே ஆறு, அதுக்கு எதுக்கு பேரு? பேரு தேவைப்படறது வெளிய இருந்து வர்றவங்களுக்கு, வழிப்போக்கருக்கு, வியாபாரிக்கு, வரி வாங்க வர்றவங்களுக்கு. காவேரிக் கரைய புடிச்சு நடந்து வர்ற ஒருத்தன் நொய்யல்ங்கற ஊருகிட்ட மேக்க இருந்து ஒரு ஆறு வந்து உழுகறதப் பாத்தா "நொய்யல்ல சேர்ற ஆறு"ன்னுதான சொல்லுவான். அவன் பேரூர் வரைக்கும் நடந்து போயி காஞ்சின்னு தெரிஞ்சுக்கவா போறான். ரெண்டு தண்ணி சேர்ற எடத்துலதான் எது எதுன்னு பிரிச்சுச் சொல்ல வேண்டி வருது, அங்கதான் பேரு கெட்டியா ஒட்டுது.

பவானியப் பாருங்க. அதுவும் காவேரில சேர்ற எடம், அங்கயும் ஆத்துக்கும் ஊருக்கும் ஒரே பேரு. ஆனா இங்க பேரு போன தெசை வேற. ஊரோட பழைய பேரு திருநணா, சம்பந்தர் பாடுன பதிகத்துல அப்படித்தான் இருக்கு, சங்கமேஸ்வரர் கோயில்ல இன்னிக்கும் கேட்டீங்கன்னா சொல்லுவாங்க. ஆத்தோட பழைய பேரு வானி. பதிற்றுப்பத்துல சேர ராஜாவப் பாடறப்ப அவனோட சுபாவம் ‘வானி நீரினும்’ இனிமையும் குளிர்ச்சியுமா இருக்கும்னு வருது, அதாவது அப்பவே இந்தத் தண்ணியோட ருசி ஊரறிஞ்ச விஷயம். வானி எப்படியோ பவானி ஆகி, அந்தப் பவானி திருநணாவ மூடிருச்சு. இன்னிக்கு பஸ்ல "ஒரு திருநணா குடுங்க"ன்னு கேட்டா கண்டக்டர் முழிப்பாரு. பவானின்னு சொன்னா தமிழ்நாடு பூரா நெறைய பேருக்கு ஆறு கூட ஞாபகம் வராது, ஜமக்காளம்தான் ஞாபகம் வரும்.

வானிங்கற பேரு முழுசா அழிஞ்சு போகல. கோயமுத்தூர்க்காரங்க தெனமும் அத வாயில வெச்சுட்டுத்தான் இருக்கோம். சிறுவாணி பவானில சேர்ற ஒரு சின்ன ஆறு. பெருசு வானி, சிறுசு சிறுவானி, எழுத்துல மட்டும் ன போயி ண வந்து ஒக்காந்துக்கிச்சு. பெரிய ஆறு பேர மாத்திக்கிச்சு, சின்ன ஆறு பழைய பேர பத்திரமா வெச்சிருக்கு. "எங்கூட்டுல சிறுவாணித் தண்ணிங்க"ன்னு பெருமையா சொல்றோமே, அதுல பதிற்றுப்பத்து காலத்துப் பேரு ஒண்ணு ஒளிஞ்சிருக்குன்னு தோணறப்ப எனக்கு நெஜமாவே ஒடம்பு சிலிர்க்கும்.

பவானில ரெண்டு ஆறும் சேர்ற எடத்துக்கு கூடுதுறைன்னு பேரு. காவேரி, பவானி, கூடவே கண்ணுக்குத் தெரியாத அமுத நதின்னு மூணு சேருதுன்னு ஐதீகம். அதே கூடுதுறைங்கற பேரு நொய்யலோட தலைமாட்டுலயும் இருக்கு, மலைல இருந்து எறங்கற பெரியாறும் சின்னாறும் ஒண்ணா சேர்ற எடம் அது. கரூர்கிட்ட அமராவதி காவேரில சேர்ற எடத்துல ஊர் பேரு திருமுக்கூடலூர். அமராவதிக்கு தலைமாட்டுல, காட்டுக்குள்ள பாம்பாறும் தேனாறும் சின்னாறும் சேர்ற எடம் கூட்டாறு. நாமக்கல் பக்கம் திருமணிமுத்தாறு காவேரில வந்து உழுகற எடத்துல நஞ்சை இடையாறுன்னு ஒரு ஊரு, ரெண்டு ஆத்துக்கு எடைல இருக்கற ஊரு. இந்த ஊருக எதுவும் ஆத்தோட பேர வாங்கிக்கல, ஆறு சேர்றதத்தான் பேரா வாங்கியிருக்கு. பேரு குடுத்தவங்களுக்கு எந்த ஆறுங்கறத விட, சேருதுங்கறதுதான் பெருசா பட்டிருக்கு.

பெரிய ஆத்துக கதை ஓரளவு எல்லாருக்கும் தெரியும். எனக்கு மனசு நிக்கறது பள்ளத்துலதான்.

வெளியூர்க்காரங்களுக்கு இத சொல்லியே ஆகணும். மத்த ஜில்லாவுல பள்ளம்னா குழி, தாழ்ந்த எடம். எங்களுக்கு பள்ளம்னா ஓடை. மழை பேஞ்சா தண்ணி போற, மத்த நாள்ல மணலும் வேலாமுள்ளுமா கெடக்கற, ஆனா எங்க இருந்து வந்து எங்க போகுதுன்னு ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச ஓடை. "நேத்து ராத்திரி பள்ளம் வந்துச்சு"ன்னு சொல்லுவோம். குழி எப்படி வரும்னு மெட்ராஸ்காரங்க கேப்பாங்க. இந்த ஒரு வார்த்தை தெரியாம கொங்குநாட்டு மேப்ப படிக்கவே முடியாது.

ஈரோடுங்கற பேரே ரெண்டு பள்ளத்துல இருந்து வந்ததுன்னு சொல்லுவாங்க. ஈர் ஓடை, ரெண்டு ஓடை. ஒண்ணு பெரும்பள்ளம், இன்னொண்ணு பிச்சைக்காரன்பள்ளம். கபாலத்த ஈர ஓடுன்னு சொல்லி, அதுல இருந்து ஈரோடு வந்துச்சுன்னு ஒரு புராணக் கதையும் இருக்கு. ரெண்டுல எனக்கு ஓடைக் கதைதான் நம்பற மாதிரி இருக்கு, ஏன்னா ஓடைக ரெண்டும் இன்னிக்கும் அங்கயேதான் இருக்கு, போயி பாக்கலாம். ஒரு மாநகராட்சிக்கு, ஒரு ஜில்லாவுக்கு, இந்தியா பூரா தெரிஞ்ச ஒரு ரயில் ஜங்ஷனுக்குப் பேரு குடுத்த ரெண்டு தண்ணிய இன்னிக்கு ஊருக்குள்ள யாரும் ஓடைன்னு கூட மதிக்கறதில்ல, சாக்கடைன்னுதான் சொல்றாங்க. பெரும்பள்ளத்துப் பாலத்து மேல ஒரு நாள் சாயங்காலம் நின்னு பாத்தேன். கறுப்புத் தண்ணி, ஓரத்துல பிளாஸ்டிக் கவரு, அதுக்கு நடுவுல ஒரு கொக்கு ஒத்தக்கால்ல நின்னுட்டு இருக்குது. பக்கத்துல டீக்கடைல கேட்டேன், "ஏனுங், இந்த ஓடைக்கு என்னங் பேரு?"ன்னு. டீ ஆத்திட்டு இருந்தவரு, "சாக்கடைங்க இது, சாக்கடைக்கு என்னங் பேரு"ன்னாரு. பெஞ்சுல ஒக்காந்திருந்த ஒரு வயசானவருதான் பேப்பர்ல இருந்து தலைய தூக்காமயே "பெரும்பள்ளம்"னு சொன்னாரு.

சத்தியமங்கலம் பக்கமும் ஒரு பெரும்பள்ளம் இருக்கு, அதுல அணை கட்டியிருக்காங்க. கோபி பக்கம் குண்டேரிப்பள்ளம் அணை, அந்தியூர்கிட்ட வரட்டுப்பள்ளம் அணை. வரட்டுப்பள்ளம்ங்கற பேரப் பாருங்க, வறண்டு கெடக்கற பள்ளம்னு பேர்லயே எழுதி வெச்சிருக்காங்க, மழைக்காலத்துல மலைல இருந்து தண்ணி எறங்கறப்ப மட்டும் அது ஆளே மாறிப்போகும். கோபி டவுனுக்குள்ள கீரிப்பள்ளம். கோயமுத்தூருக்குள்ள சங்கனூர் பள்ளம், அது சங்கனூர்ங்கற ஊரோட பேர வாங்கிக்கிட்ட பள்ளம், மேக்க மலைப்பக்கத்துல இருந்து வந்து டவுனுக்குள்ள பூந்து சிங்காநல்லூர் பக்கம் போகுது. பெரிய ஆறு ஊருக்குப் பேரு குடுக்கும், சின்னப் பள்ளம் ஊர்கிட்ட பேரு வாங்கும். பெரும்பாலும் இப்படித்தான். அதுலயும் ஒரே பள்ளம் நாலு ஊரு தாண்டுனா நாலு பேரு ஆயிரும், மேல இருக்கறவங்களுக்கு ஒண்ணு, கீழ இருக்கறவங்களுக்கு ஒண்ணு. சர்வேக்காரங்க எந்த ஊர்ல நின்னு கேட்டாங்களோ அந்தப் பேருதான் மேப்ல ஏறுச்சு.

பள்ளபாளையம்னு சூலூர்கிட்ட ஒரு பேரூராட்சி, பெருந்துறை பக்கம் இன்னொரு பேரூராட்சி, அது போக சின்ன ஊரா எத்தனையோ. அதுக்கு ஜோடியா மேட்டுப்பாளையம். ஊட்டிக்குப் போறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச மேட்டுப்பாளையம் ஒண்ணுதான், ஆனா கொங்குல கிழக்க போகப் போக அதே பேர்ல ஊருக வந்துட்டே இருக்கும். பள்ளம், மேடு, ரெண்டே வார்த்தைதான். தண்ணி எங்க நிக்கும், ஊடு எங்க கட்டலாம்னு முன்னோருக பேர்லயே சொல்லி வெச்சிருக்காங்க. நாமதான் படிக்க மறந்துட்டோம்.

இது எங்க சொந்தத்துலயே நடந்துச்சு. எங்க சித்தப்பா பையன் கடன் வாங்கி ஒரு சைட்டு வாங்குனான். லேஅவுட்டுக்கு ஒரு அழகான நகர் பேரு, ஆர்ச்சு, ரெண்டு பக்கமும் அசோக மரம். ஊடு கட்டி பால் காச்சி ஒரு வருஷம் கூட ஆகல, ஐப்பசி மாசம் ஒரு ராத்திரி மழைல முட்டி வரைக்கும் தண்ணி வந்துருச்சு. ஃபிரிட்ஜு, மெத்தை, சர்ட்டிஃபிகேட் எல்லாம் போச்சு. காலைல நாங்க போயி ஒதவி பண்ணிட்டு இருக்கறப்ப பின்னால தோட்டத்துல இருந்து ஒரு ஆத்தா வந்தாங்க, சேலைய தூக்கி சொருகிட்டு சேத்துல நடந்து வந்து எல்லாத்தையும் பாத்துட்டு சொன்னாங்க: "இது பள்ளக்காடு சாமி. பள்ளம் வந்துருச்சு வந்துருச்சுங்கறீங்க, அது எப்பவும் போற வழிலதான் போகுது, நீங்கதான அதுகிட்ட வந்தீங்க." அந்தக் காட்டுக்கு காலங்காலமா பள்ளக்காடுன்னுதான் பேரு இருந்திருக்கு. லேஅவுட் போட்டவங்க மொதல்ல எடுத்து வீசுனது அந்தப் பேரத்தான். அந்த ஒரு பேரு பத்தரத்துல இருந்திருந்தா எங்க தம்பி அங்க வாங்கியிருக்க மாட்டான், குறைஞ்சது ரெண்டு பேர்கிட்ட விசாரிச்சிருப்பான்.

பேரு அழியறதுக்கு லேஅவுட் மட்டும் காரணமில்ல, எழுத்துப்பிழையும் ஒரு காரணம். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறற எடத்துல கல்லாறு இருக்கு. ஊட்டி ரயிலுக்கு பல்சக்கர பாதை அங்கதான் ஆரம்பிக்குது, அரசு பழப்பண்ணை இருக்கு, மங்குஸ்தான், துரியான் எல்லாம் காய்க்கற எடம். கல்லா கெடக்கற ஆறு, கல்லாறு. அத இங்கிலீஷ்ல எழுதி அதுல இருந்து திருப்பி தமிழ்ல எழுதறப்ப கல்லார் ஆயிருச்சு, பாதி போர்டுல அப்படித்தான் இருக்கு. ஆழியாறு ஆழியார் ஆயிருச்சு, யாரோ பெரியவர் பேரு மாதிரி. மோயாறு மோயார் ஆயிருச்சு, தெங்குமரஹாடா பக்கம் பரிசல்ல அத தாண்டறவங்க மாயாறுன்னு சொல்றாங்க, அது இன்னும் அழகு. ஒரு ‘று’ போயி ‘ர்’ வந்தா என்ன ஆயிரும்னு கேக்கலாம். அந்த ‘று’ல தான் ஆறே இருக்கு. அது போச்சுன்னா பேர்ல தண்ணி இல்ல.

ஒரே பேரு பல எடத்துல இருக்கறதும் குழப்பந்தான். பாலாறுன்னு சொன்னா வேலூர்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். ஆனா பழனிகிட்ட பாலாறு பொருந்தலாறு அணை இருக்கு, உடுமலை திருமூர்த்தி மலை பக்கம் ஒரு பாலாறு, மேட்டூருக்கு மேல கர்நாடகா எல்லைல காவேரில சேர்ற பாலாறு வேற. அவிநாசி பக்கம் ஓடற நல்லாறு ஒண்ணு, ஆனைமலைல நல்லாறு ஒண்ணு. அவிநாசி நல்லாறு போயி நெறைக்கற நஞ்சராயன் குளத்துக்குத்தான் 2024ல ராம்சார் அந்தஸ்து, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலம்ங்கற அங்கீகாரம், கெடச்சுது, ஆறு பேருக்கு ஏத்த மாதிரி நல்லது பண்ணிட்டுத்தான் இருக்கு. தாராபுரம் பக்கம் உப்பாறு அணை, ஆனைமலைல மாசாணியம்மன் கோயில்கிட்ட ஆழியாத்தோட சேர்றது இன்னொரு உப்பாறு. சின்னாறு எத்தனைன்னு எண்ணவே முடியாது, உடுமலைல இருந்து மூணாறு போற வழில செக்போஸ்ட் இருக்கற எடத்துக்கும் அதே பேருதான். பாலு, உப்பு, நல்லது, சின்னது, கல்லு. நானும் மொதல்ல யோசிச்சேன், ஏன் இப்படி திருப்பித் திருப்பி அதே பேரு வெச்சாங்க, வேற வார்த்தையா கெடைக்கலன்னு. அப்புறம் புரிஞ்சுது, இதெல்லாம் பேரா வெச்சதே கெடையாது, ருசியையும் நெறத்தையும் அளவையும் சொன்னது. தண்ணிய வாயில ஊத்திப் பாத்து சொன்ன வார்த்தை. அந்தந்த ஊர்க்காரங்களுக்கு பக்கத்து ஜில்லாவுல அதே பேர்ல ஒண்ணு இருக்கறது தெரியவும் வேண்டியதில்ல.

ஊத்துக்குளியும் அப்படித்தான். வெண்ணெய்க்குப் பேரு போன ஊத்துக்குளி திருப்பூர்கிட்ட, ஜமீன் ஊத்துக்குளி பொள்ளாச்சிகிட்ட. ஊத்துத் தண்ணி இருக்கற குழி எங்க இருந்தாலும் அந்தப் பேரு வந்துரும்.

பேர நம்பி ஏமாந்து போற எடமும் இருக்கு. திங்கக்கெழமை ஆனா மாட்டுச்சந்தை கூடற அமராவதிபாளையம் திருப்பூர்ல இருக்கு, அங்க அமராவதி ஆறு கெடையாது, அங்கிருந்து ஆத்தப் பாக்கணும்னா தாராபுரம் போகணும். கிருஷ்ணகிரி காவேரிப்பட்டணம் தென்பெண்ணைக் கரைல இருக்கு. ஈரோட்டுக்கு எதுக்கால பள்ளிபாளையம் பக்கம் காவேரி ஆர்.எஸ். இருக்கே, அது மட்டும் சொன்ன சொல்லு தவறாம காவேரிக் கரைலயே இருக்குது, ரயிலு ஆத்துப்பாலத்துல ஏறி எறங்குனா அந்த ஸ்டேஷன்.

அமராவதிக்கும் பழைய பேரு வேற. சங்கப் பாட்டுல அது ஆன்பொருநை. தாமிரபரணியும் பொருநைதான், அதுல இருந்து பிரிச்சுக் காட்டத்தான் முன்னால ஆன் ஒட்டிருக்கணும்னு எனக்குப் படுது. கரூர் கோயிலும் ஆனிலை, பசுபதீஸ்வரர், ஆன்னா பசு, ஆத்துலயும் அதே ஆன். ஊரும் ஆறும் கோயிலும் ஒரே வார்த்தைல கோத்த மாதிரி இருந்துச்சு. அமராவதின்னு பேரு வந்ததும் அந்த நூலு அறுந்துபோச்சு.

இந்தக் காலத்துல ஊருக்குப் பேரு குடுக்கறது அணைக. உடுமலைக்கு தெக்க அமராவதி அணை கட்டுனாங்க, அங்க அமராவதிநகர் வந்துச்சு, 1962ல சைனிக் ஸ்கூல் வந்துச்சு. பவானில கீழ்பவானி திட்டம் 1948ல ஆரம்பிச்சு 1955ல முடிஞ்சுது, அங்க வந்த ஊருக்கு பவானிசாகர்னு பேரு. சாகர்ங்கறதே எங்க பக்கத்து வார்த்தை கெடையாது, ஆனா இன்னிக்கு அது எங்களுது. அந்த அணைல இருந்து போற 200 கிலோமீட்டர் வாய்க்கா ரெண்டு லட்சம் ஏக்கருக்கு மேல பாயுது, எல்பிபி (லோயர் பவானி ப்ராஜெக்ட்) வாய்க்கான்னு சொன்னா பெருந்துறை, காங்கயம் பக்கமெல்லாம் கொழந்தைக்குக் கூட தெரியும். ஆனா அந்தத் தண்ணிக்கு அடில ஒரு பேரு கெடக்குது. டணாய்க்கன்கோட்டை. ஹொய்சளர் காலத்துல இருந்து இருந்த ஊரு, கோயிலோட முழுகிப்போச்சு. அணைல தண்ணி நல்லா எறங்குற வருஷம் கோயில் கோபுரமும் மண்டபமும் வெளிய தெரியும், அப்ப பரிசல்ல போயி பாத்துட்டு வர்றவங்க உண்டு. ஒரு ஊர் பேரு தண்ணிக்கு மேல வந்துச்சு, இன்னொண்ணு தண்ணிக்குக் கீழ போச்சு, ரெண்டும் ஒரே எடத்துல.

மனுசன் வெட்டுன தண்ணிக்கும் பேரு ஒட்டும். பவானி ஆறு காவேரில சேர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு தடுப்பணை, அங்கிருந்து கெளம்பற வாய்க்கா காலிங்கராயன் வாய்க்கா. 13ம் நூத்தாண்டுல வெள்ளோட்டுக்காரரு காலிங்கராயர் வெட்டுனது, பக்கத்துல காலிங்கராயன்பாளையம்னு ஊரே இருக்கு. பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு 90 கிலோமீட்டர் கிட்ட போயி ஆவுடையார்பாறைகிட்ட நொய்யல்ல கலக்குது. வாய்க்கா வெட்டுனதுல சுயநலம்னு பேரு வந்துரக்கூடாதுன்னு அவரு தன் குடும்பத்தோட ஊர விட்டே கெளம்பி பொள்ளாச்சி ஊத்துக்குளிக்குப் போயிட்டாருன்னு சொல்லுவாங்க, அங்க ஜமீன் குடும்பத்துக்கு இன்னிக்கும் காலிங்கராயர்னுதான் பட்டம். நான் இதுல ஆச்சரியப்படறது ஒண்ணு. பேரு போயி ஒட்டிக்கிட்ட ரெண்டு சேர்மானம், பவானியும் நொய்யலும். இந்தப் பக்கம் ஒண்ணுல கெளம்பி அந்தப் பக்கம் இன்னொண்ணுல முடியற மாதிரி 700 வருஷத்துக்கு முன்னால ஒருத்தரு வாய்க்கா இழுத்திருக்காரு.

கடைசியா ஒரு ஊரு சொல்லணும், சொல்றப்ப வருத்தமாத்தான் இருக்கு. சென்னிமலைகிட்ட ஒரத்துப்பாளையம். நொய்யல்ல அணை கட்டி 1992ல தொறந்தாங்க, வெள்ளாமைக்குத் தண்ணி வரும்னு. வந்தது சாயத்தண்ணி. திருப்பூர் சாயப்பட்டறைத் தண்ணி பூரா அங்க தேங்கி, சுத்துப்பட்டு கெணறு எல்லாம் கெட்டுப்போயி, தென்ன மரம் காய்ஞ்சு, 2011ல ஹைகோர்ட்டு பட்டறைகள மூடச் சொல்லி உத்தரவு போட்டப்பதான் தமிழ்நாடே அந்த ஊர் பேர கேட்டுச்சு. அந்த ஊர்க்காரங்க ஒரு தப்பும் பண்ணல. ஆத்துக்குப் பேரு குடுத்து நொய்யலு பெருமைப்பட்டுச்சு, ஆத்துல வந்த அழுக்குக்கு இந்த ஊரு தன் பேரக் குடுக்க வேண்டியதாயிருச்சு. அதுக்கும் கீழ இன்னொரு அணை இருக்கு, அந்த ஊர் பேரு ஆத்துப்பாளையம். வெறும் ஆறு, பேரு கெடையாது, கரைக்காரங்க பேசற மாதிரியே.

கோயமுத்தூர்லயும் அப்படி ஒண்ணு இருக்கு, ஆத்துப்பாலம். பொள்ளாச்சி ரோடும் பாலக்காட்டு ரோடும் பிரியற எடம். உக்கடத்துல இருந்து அங்க வரைக்கும் 2024ல ஃப்ளைஓவர் தொறந்தாங்க. தெனமும் ஆயிரக்கணக்குல ஆளுக "ஆத்துப்பாலம் ஒண்ணு"ன்னு டிக்கெட் வாங்கறாங்க, எந்த ஆத்துப் பாலம்னு யாரும் கேக்கறதில்ல.

போன தை மாசம் எங்க அம்மா ஊருக்குப் போனப்ப நோட்டு ஒண்ணு எடுத்துட்டுப் போனேன். ஊருக்குப் பக்கத்துல ஒரு பள்ளம் இருக்கு, ரெவின்யூ படத்துல வெறும் ஓடை புறம்போக்குன்னு நம்பர் மட்டும் போட்டிருக்கு. மேல தோட்டத்துல எங்க பெரிய மாமாகிட்ட கேட்டேன், கோயில்பள்ளம்னாரு. நடு ஊர்ல கேட்டா மொட்டப்பாலத்துப் பள்ளம்னாங்க, அங்க கைப்பிடிச் சுவரு இல்லாத பழைய கல்லுப்பாலம் ஒண்ணு இருக்கு. இட்டேரி வழியா, ரெண்டு பக்கமும் வேலி இருக்கற மண்பாதை வழியா எறங்கி பள்ளம் நொய்யல்ல போயி சேர்ற எடத்துக்கு வந்தேன். அங்க எரும மேச்சுட்டு இருந்த ஒருத்தரு கிட்ட கேட்டேன். அவரு தண்ணிப் பக்கம் கைய காட்டி, "இதுங்ளா? ஆத்துப்பள்ளமுங்க"ன்னாரு. மூணு பேரையும் எழுதி, எந்த எடத்துல நின்னு யாரு சொன்னாங்கன்னும் பக்கத்துலயே குறிச்சு வெச்சிருக்கேன்.